ஒரு நிமிடத்துக்கு எத்தனை

மூன்றாம் வகுப்பு 'இ' பிரிவில்
அந்த வாரம் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகியது.
எனக்கும்.
பையைக்கூடக் கழற்றாமல் தொட்டிலுக்குள் குனிந்து
நாலு மாத வைரவனின் கன்னத்தில்
சத்தம் வரும்படி ஒன்று வைத்தேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.

மூன்றாம் நாள் அவன் பால் குடிக்கவில்லை.
வாய் வைப்பான், விடுவான்,
பாலா மூச்சா
எது முதலில் என்று தெரியாதவன்போல.
சட்டையைத் தூக்கிப் பார்த்தாள் அம்மா.
விலா எலும்புகளுக்கு நடுவே
தோல் குழிந்து குழிந்து எழுந்தது.
கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்கு
அவள் வேலை பார்க்கும் ஹோட்டலின் வேன்.
பின் சீட்டில் விருந்தினருக்கான வெள்ளைத் துண்டுகள்.
ஒன்றை உருவி அவனைச் சுற்றினாள்.

"அழுதுக்கிட்டு நிக்காதே, எண்ணு" என்று
நர்ஸ் மங்கையர்க்கரசி தன் கைக்கடிகாரத்தை என்னிடம் தந்தார்.
"வயிறு ஏறி இறங்கினா ஒண்ணு."
அறுபத்தெட்டு.
மறுபடி எண்ணினேன். எழுபத்தொன்று.
அதுவரை எண்கள் மேலே போனால்
எனக்குச் சந்தோஷம்தான்.

ஐந்து நாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய்,
கன்னத்தில், சரியாக அந்த இடத்தில், பிளாஸ்திரி.
ஆறாம் நாள் குடித்தான்.
அம்மா துண்டைத் துவைத்து மடித்து
எடுத்த அடுக்கிலேயே வைத்தாள்.
முடிந்தது என்றார்கள் எல்லோரும்.

இரண்டு வயதில் ஒரு மார்கழி.
மூன்றில், பக்கத்து வீட்டுக்கு வெள்ளையடித்த வாரம்.
நாலில், யாரோ எங்கோ வறுத்த மிளகாய்.
அம்மா பெருக்கும் அந்தப் பெரிய வீட்டில்
முகப்பில் நின்றால் பின்கட்டுக் கதவுவரை நேராகத் தெரியும்,
காற்று எதிலும் இடிக்காமல் போகும்.
வெளிநாட்டுக்காரர்கள் அதைப் படம் எடுப்பார்கள்.
இரவில் இவன் நெஞ்சில் காது வைத்தால்
எண்ணெய் போடாத கீல்.

ஆஸ்துமா என்று டாக்டர் எழுதிய அன்று
நீல இன்ஹேலர் வாங்க அம்மா வெளியே போனாள்.
நான் கேட்டேன்:
"சின்னதுல வந்த அந்தச் சளியாலயா?"
யார் கொடுத்த சளி என்று சொல்லவில்லை.

"அந்த வயசுல நெஞ்சுவரைக்கும் இறங்கின பிள்ளைங்களுக்குப்
பின்னாடி இளைப்பு வர்றது கூடுதல்தான்.
ஆனா சளி வந்து குழாயைக் கெடுத்துச்சா,
குழாய் முன்னமே அப்படி இருந்ததால
சளி ஆழமா இறங்குச்சா,
இவன் விஷயத்துல பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலம்மா."
பேனாவை மூடினார். என் முகத்தைப் பார்த்தார்.
"ரெண்டு வயசுக்குள்ள அநேகமா எல்லாருக்கும் வந்துடும் அந்தக் கிருமி.
யாராச்சும் ஒருத்தர் கொடுக்கத்தான் செய்வாங்க."

ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பேன்.
இல்லை என்றிருந்தாலும்.
தெரியலை என்பதை எங்கே வைப்பது?
புத்தகப் பையில் வைத்துக்கொண்டு
பதினொன்றாம் வகுப்புவரை வந்துவிட்டேன்.
சளி பிடித்தால் வேறு அறையில் படுக்கிறேன்.
கை கழுவிக் கழுவி விரல் நுனி வெளுத்திருக்கிறது.

இப்போது அவன் மூன்றாம் வகுப்பு. அதே 'இ'.
திங்கட்கிழமை காலை
போர்வைக்குள்ளிருந்து கீச் கீச்சென்று ஒரு சத்தம்.
"அக்கா... மூச்சு..."
அம்மா நீலத்தைத் தேடி ஓடுகிறாள்.
நான் சட்டையைத் தூக்குகிறேன்.
விலாவில் குழி இல்லை.
உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறான்.
முழு நிமிடமும் எண்ணுகிறேன்,
பாதியிலேயே தெரிந்துவிட்ட பிறகும்.
இருபத்திரண்டு.

எழுந்திருடா பொய்க்காரா.
ஏழாம் வாய்ப்பாடு. ஒரே மூச்சில் சொல்லு.

சொல்கிறான், போர்வைக்குள்ளிருந்தே.
ஏழெட்டில் நிற்கிறான்.
என் கை தானாக அவன் வயிற்றுக்குப் போகிறது.
இல்லை, மறந்துவிட்டானாம்.